முருகையனுக்கு வந்த சாயங்கால ஜுரம்

முருகையனிடம் மாடு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் பட்ட பாட்டில் பாதி, இந்த உண்மையை ஒரு டாக்டரிடம் உள்ளது உள்ளபடி சொன்னதால் வந்தது.

புதுச்சேரியில் ஒரு மில்லில் அவர் நெசவாளி. இரண்டு தறி பார்ப்பார். ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் ஓட்டு வீடு. மனைவி அஞ்சலாட்சி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். எழுபதுகளில் அந்தத் தெரு முடிகிற இடத்திலேயே வயல் ஆரம்பமாகிவிடும். ஆண்கள் சைக்கிளில் மில்லுக்குப் போவார்கள். வீட்டுக்கு வீடு பின்பக்கம் ஒரு மாடு நிற்கும். பால் டவுனுக்குப் போகும்.

மாடு கன்று போட்டால் சில மணி நேரத்தில் நஞ்சுக்கொடி தானாக விழ வேண்டும். சில மாட்டுக்கு விழாது. உள்ளேயே தங்கி அழுகினால் மாடு போய்விடும். அப்போது தெருவில் எல்லாரும் முருகையனைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். வலது கையைத் தோள்பட்டை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, நல்லெண்ணெய் தடவிக்கொண்டு உள்ளே விடுவார். கொடி கர்ப்பப்பையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களைக் கண்ணால் பார்க்க முடியாது. விரலால் தேடி, சட்டைப் பொத்தானைக் கழற்றுவது போல ஒவ்வொன்றாகக் கழற்றி எடுப்பார். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும். மாடு நோகக் கூடாதென்று வலது கை நகத்தை மட்டும் சதையோடு ஒட்ட வெட்டிவைத்திருப்பார். எங்கே கற்றுக்கொண்டீர் என்று கேட்டால், தறியில் அறுந்த இழையைத் தடவிப் பிடிக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா என்று சிரிப்பார்.

எடுத்த கொடியை வைக்கோலில் சுற்றி, பழைய சாக்கில் கட்டி, ரோட்டோரத்து ஆலமரத்தில் தொங்க விட வேண்டும். அப்போதுதான் மாட்டுக்குப் பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. எடுத்த கைதான் கட்ட வேண்டும் என்பது அந்தத் தெருவின் வழக்கம். அதையும் அவரே செய்வார்.

இதற்கெல்லாம் அவர் ஒரு பைசா வாங்கியதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்கும் கோவிந்தசாமி, தெருவில் எல்லாருக்கும் அவர் சொல்தா, அதாவது பிரெஞ்சில் சிப்பாய், தன் மாட்டைக் காப்பாற்றியதற்கு ஒரு பாட்டில் ஒயின் கொண்டுவந்து நீட்டினார். முருகையன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு டம்ளர் காபி மட்டும் குடித்துவிட்டு வந்தார். அஞ்சலாட்சிக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊரு மாட்டுக்கெல்லாம் கைய வுட்டுட்டு வர. நம்ம வூட்டுக்கு ஒரு சொம்பு பால் சும்மா வருதா?" என்றாள்.

"வாயில்லா ஜீவன்டி. இதுக்குக் கூலி வாங்கினா கை வெளங்காது."

பிழைக்கத் தெரியாத மனிதர் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

எழுபத்தேழில் தெருவுக்குச் சீமைப் பசுக்கள் வந்தன. பாங்கில் கடன் கொடுத்தார்கள். முதலில் வாங்கியவன் இராமதாஸ். ஐந்து வீடு தள்ளி இருந்தான். முருகையன் வேலை பார்த்த தறிப் பிரிவிலேயே மேஸ்திரி. வயதில் சின்னவன் என்பதால் வீட்டில் அண்ணே என்பான், மில்லுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். ஆவணியில் அவன் மாடு ஏழாம் மாதச் சினையைக் கலைத்துப் போட்டுவிட்டது. கன்று செத்து விழுந்தது, கொடி விழவில்லை. முருகையன்தான் எடுத்தார். வழக்கமாக வருவது போல இல்லை, தோல் மாதிரித் தடித்து, மஞ்சள் பிடித்து, நாற்றமெடுத்திருந்தது. சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போகும்போது அவர் முழங்கை வரைக்கும் வழிந்தது.

அடுத்த மூன்று மாதத்தில் அதே தெருவில் இன்னும் மூன்று மாடுகள் அதே மாதிரி சினையைக் கலைத்துப் போட்டன. கண் பட்டுவிட்டது என்றார்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். எல்லா மாடுகளும் மேய்ந்தது ஒரே தரிசு, தண்ணீர் குடித்தது ஒரே குட்டை. நான்கு மாட்டுக்கும் உள்ளே போனது ஒரே கை. அந்தக் கையின் விரல்களிலோ நூல் அறுத்த கீறல்கள் எப்போதும் இருக்கும். நெசவாளி கையில் அது இல்லாமல் இருக்காது.

கார்த்திகையில் முருகையனுக்கு ஜுரம் வந்தது. வேடிக்கையான ஜுரம். காலையில் எழுந்தால் உடம்பு சில்லென்று இருக்கும். தலை மட்டும் கனக்கும். வேலைக்குப் போவார். நாலு மணிக்கு முதுகுத்தண்டில் ஒரு குளிர் ஏறும். பொழுது சாய்வதற்குள் உடம்பு கொதிக்கும். பிறகு வேர்த்து ஊற்றும். பாயும் போர்வையும் நனைந்து, மக்கின வைக்கோல் வாடை அடிக்கும். அஞ்சலாட்சி தினமும் காலையில் போர்வையைப் பிழிந்து காயப் போட்டாள். பத்து நாள் இப்படி இருக்கும். பிறகு ஒரு வாரம் ஒன்றுமே இருக்காது. சரியாகிவிட்டது என்று அவர் நிம்மதியாக மூச்சுவிடும்போது மறுபடி வரும்.

சர்க்கார் டிஸ்பென்சரிக்குப் போனார். அங்கிருந்த டாக்டர் நல்லவர், நிதானமாகக் கேட்டார். என்ன வேலை என்றார். மில் என்றார் முருகையன். இருமல் இருக்கிறதா, சளியில் ரத்தம் வருகிறதா என்றார். இல்லை. ஒரு கேள்வி சரியாகவே கேட்டார்.

"வீட்ல மாடு, ஆடு ஏதாவது வளக்கறீங்களா?"

"இல்லீங்க."

அவ்வளவுதான். பொய் இல்லை. ஊரான் மாட்டுக்குச் செய்தது அவருக்கு நினைவுக்கே வரவில்லை. காசு வாங்கினால்தானே அது வேலை. கோயிலுக்கு எண்ணெய் ஊற்றியதை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? டாக்டர் மலேரியா என்று மாத்திரை எழுதினார். பிறகு முடக்குவாதம் என்றார். நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார். ஒன்றும் தெரியவில்லை.

மில்லில் வேறு கதை. நோய் லீவு வேண்டுமென்றால் மில் டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மனிதர் காலை எட்டிலிருந்து பத்து வரைக்கும்தான் உட்காருவார். முருகையன் போய் நின்றார். வாயில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்தார் டாக்டர்.

"நார்மல். வேலைக்குப் போ."

"சாயங்காலத்துலதான் சார் வருது."

"அது என்னாயா ஜுரம், ஷிப்ட் முடிஞ்சி வர்றது?"

கம்பவுண்டர் சிரித்தான். இரண்டாவது தடவை போனபோதும் நார்மல். மூன்றாவது தடவை டாக்டர் தெர்மாமீட்டரைத் தொடவே இல்லை. வேலைக்குத் தகுதி என்று எழுதித் தள்ளினார். சாயங்கால ஜுரம் என்பது பிரிவு முழுக்கக் கேலிப் பேச்சாகிவிட்டது. கள்ளுக்கடைக்குப் போகிறவன்கூட எனக்கும் சாயங்கால ஜுரம் என்று சொல்லிவிட்டுப் போனான்.  இருபது வருஷத்தில் ஒருநாள்கூடத் தாமதமாகப் போகாத மனிதருக்கு, பொய்க்காரன் என்ற பேர் ஜுரத்தைவிட அதிகமாகச் சுட்டது.

முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் போன நாட்களில் அவர் கையெழுத்தில்லாமல் வீட்டில் இருந்துவிட்டார். எழுபத்தெட்டு ஆவணி வருவதற்குள் அப்படிப் பத்தொன்பது நாள். மில் நோட்டீஸ் கொடுத்தது. இன்னொரு நாள் வராவிட்டால் விசாரணை. வேலை போனால் நாற்பத்தைந்து வயதில் எந்த மில் சேர்த்துக்கொள்ளும்? அஞ்சலாட்சி எல்லாத் தெய்வத்துக்கும் வேண்டிக்கொண்டாள். முருகையன் பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டு நாள் போனார். பதின்மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் இராமதாஸ் வந்தான். போர்வைக்குள் முருகையனின் பல் கிட்டிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்று சொன்னான்.

"அண்ணே, மாடு கன்னு போட்டுடுச்சி. நஞ்சுக்கொடி வுழல. காலையிலேர்ந்து நிக்குது."

"அவருக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்கிது. கண்ணு தெரியலயா?" என்றாள் அஞ்சலாட்சி.

"நீ வரலன்னா மாடு பூடும்ணே. பாங்கிக் கடன் இன்னும் பாதி நிக்குது."

முருகையன் எழுந்தார். வழியில் வீட்டுச் சுவர்களைப் பிடித்துக்கொண்டே இராமதாஸ் வீட்டுக்கு நடந்து போனார். ஒன்றரை மணி நேரம் நின்று எடுத்தார். இரண்டு தடவை நடுவில் உட்கார்ந்துவிட்டார். இராமதாஸின் மனைவி கமலா அவர் முதுகில் சாக்கைப் போர்த்தி, கஞ்சித் தண்ணீர் கொடுத்தாள். "அண்ணனுக்கு இப்படி நடுங்குதே" என்று அவளே சொன்னாள். மாடு பிழைத்தது.

விசாரணை அடுத்த வாரம் நடந்தது. லேபர் ஆபீசர் ஒரு மேஜைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் மில் டாக்டர். இராமதாஸை மேஸ்திரி என்ற முறையில் கூப்பிட்டார்கள்.

"வராத நாள்ல இவர எங்கியாவது பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"எங்க?"

"எங்க வூட்ல சார். மாட்டுக்கு நஞ்சுக்கொடி எடுக்க வந்தாரு."

"எவ்ளோ நேரம்?"

"ஒன்றரை மணி நேரம் இருக்கும் சார்."

"நின்னுகினேவா?"

"நின்னுகினுதான் சார்."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஒரு வார்த்தை கூட்டவில்லை. நடுங்கியதையும், உட்கார்ந்ததையும், தானே போய் வாசலில் நின்று கெஞ்சியதையும் விட்டுவிட்டான். மேஸ்திரி வேலை அவனுக்குப் போன வருஷம்தான் கிடைத்திருந்தது. முருகையன் கையைக் கூப்பினார்.

"அன்னிக்கு எனக்கு ஜுரம் இருந்திச்சான்னு அவனையே கேளுங்க சார்."

"ஜுரம் இல்லன்னு டாக்டர் எழுதிட்டாரு. மேஸ்திரி என்னா டாக்டரா?"

 நோய் என்று பொய் சொல்லி வெளி வேலை பார்த்தார் என்று எழுதி முருகையனை வேலையிலிருந்து நீக்கினார்கள். நெசவாளிக்குக் கைதான் சொத்து. அந்தக் கையை வைத்தே அவரை அடித்தார்கள் என்று நினைக்கும்போது இதை எழுதுகிறவனுக்கே வயிறு எரிகிறது.

பெரிய பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அஞ்சலாட்சி சொல்தா வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். முருகையன் ஜுரம் இல்லாத நாட்களில் ஒரு லாரி ஷெட்டில் ராத்திரிக் காவல் இருந்தார். இத்தனைக்குப் பிறகும் மாட்டுக்கென்று யாராவது வந்து கூப்பிட்டால் போனார். இராமதாஸ் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. மாடு என்ன பாவம் செய்தது என்று கேட்பார். அஞ்சலாட்சி அவரோடு நாலு நாள் பேசாமல் இருப்பாள்.

எழுபத்தொன்பது கடைசியில் விதை வீங்கிப்போய் நடக்க முடியாமல் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு இளம் டாக்டர் நாடி பிடிக்கக் கையைத் தூக்கியவர், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறு கையையும் பார்த்தார்.

"ஏன் ஒரு கையில மட்டும் இப்படி ஒட்ட நகம் வெட்டியிருக்கீங்க?"

முருகையன் சொன்னார். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எத்தனை மாடு, எதெது சினை கலைத்தது, பச்சைப் பால் குடித்தாரா என்று அரை மணி நேரம் கேட்டார். ரத்தம் எடுத்து அனுப்பினார். நாலு நாளில் பேர் தெரிந்தது. புரூசெல்லா. மாட்டின் கர்ப்பத்தைக் கலைக்கிற கிருமி. கொடியிலும் அந்த நீரிலும் கோடிக்கணக்கில் இருக்கும். கையில் ஒரு கீறல் போதும், உள்ளே போய்விடும்.

"இத்தினி நாளா யாருமே மாடு இருக்கான்னு கேக்கலயா?"

"கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எங்கிட்ட மாடு இல்லீங்களே."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். 

தினம் ஒரு ஊசி, கை நிறைய மாத்திரை. இரண்டு மாதத்தில் ஜுரம் போனது. முதுகெலும்பில் ஏறிய வலி மட்டும் போகவில்லை. முருகையனுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. டாக்டரிடம் நோயின் பேரையும், இரண்டு வருஷமாக இருந்த நோய் என்பதையும், காலையில் ஜுரம் தெரியாது என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டு மில்லுக்குப் போனார். அன்று சலவைச் சட்டை போட்டிருந்தார். பொய்க்காரன் இல்லை என்று ஒரு வாய் சொன்னால் போதும் என்றிருந்தது அவருக்கு.

லேபர் ஆபீசர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"மாட்டு வேலையால வந்த நோய்னு டாக்டரே எழுதியிருக்காரு. நாங்களும் அதத்தானே சொன்னோம்? மில்லு சம்பளம் வாங்கிகினு நீ வெளிய மாட்டு வேலை பாத்தேன்னு?"

"காசு வாங்கல சார்."

"வாங்கினியா இல்லியான்னு இங்க யாருக்குக் கவலை?"

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் யார் வீட்டு மாட்டையும் தொடவில்லை. டாக்டர் சொன்னதைத் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். கொடியை மரத்தில் கட்டாதீர்கள், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள். தெரு கேட்டுக்கொண்டு நின்றது. அவர் முதுகு திரும்பியதும் வேலை போன வெறுப்பில் பேசுகிறார் என்றது. எங்கள் மாட்டுப் பாலுக்குக் கெட்ட பேர் உண்டாக்குகிறார் என்று கமலாவே குழாயடியில் சொன்னாள்.

எண்பத்தொன்றில் இராமதாஸின் மாடு மறுபடியும் கொடி போடவில்லை. கூப்பிட ஆள் இல்லை. இராமதாஸ் தானே கையை விட்டான். இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முருகையன் வாசலில் வந்து நின்றான். பல் கிட்டிக்கொண்டிருந்தது.

"மில்லு டாக்டரு நார்மல்னு எழுதிட்டாருண்ணே."

அஞ்சலாட்சி விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். முருகையன் அவளைத் தடுத்தார். அவருக்குள் ஒரு நிமிஷம் சந்தோஷம்தான் வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குளிர் முதுகில் ஏறும்போது எப்படி இருக்கும் என்று தெருவிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். உள்ளே போய்க் காகிதத்தை எடுத்துவந்தார்.

"கோரிமேட்டுக்குப் போ. இதக் காட்டு. மாட்டுக்குக் கைய வுட்டேன்னு நீயா சொல்லு, அவங்க கேக்கற வரைக்கும் நிக்காத. அங்க எழுதிக் குடுக்கறத இதோட சேத்து மில்லுல குடு." கொஞ்சம் நிறுத்தினார். "குடுக்கும்போது, முருகையனுக்கு வந்ததும் இதே நோய்தான், அன்னிக்கும் ஜுரத்தோடதான் வந்தான், நான்தான் கூப்ட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. வேல வாணாம். சொன்னா போதும்."

"சத்தியமா சொல்றேண்ணே" என்றான் இராமதாஸ். காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

முருகையன் காத்திருந்தார். இராமதாஸுக்கு அந்த வாரமே ஊசி ஆரம்பித்துவிட்டார்கள். மில்லில் அதற்குள் புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார், இரண்டு காகிதத்தையும் பார்த்தவுடன் கையெழுத்துப் போட்டார். அரைச் சம்பளத்தோடு இரண்டு மாத லீவு. லீவு முடிந்த அன்று, உடம்பு தேறி, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு இராமதாஸ் வந்தான். காகிதத்தை நீட்டினான். ஓரம்கூட மடங்காமல் பத்திரமாக வைத்திருந்தான்.

"ரொம்ப ஒதவியா இருந்திச்சிண்ணே."

"சொன்னியா?"

இராமதாஸ் செருப்பைப் பார்த்தான்.

"ஆபீசர் ரூமுக்கு மூணு தடவ போனேண்ணே. இப்ப கெளறினா, அன்னிக்கி ஏன் சொல்லலன்னு என்ன புடிச்சிக்குவாங்க. புள்ளங்க இருக்குது."

 முருகையனுக்குக் கோபம்கூடச் சரியாக வரவில்லை. 

"நீ அன்னிக்குப் பொய் சொல்லியிருந்தாகூட நான் மன்னிச்சிருப்பேன், இராமதாசு. பாதி உண்மைய முழுங்கிட்டியே. காகிதத்த நீயே வச்சிக்க. உன் புள்ளங்களுக்கு வந்தா வேணும்."

இராமதாஸ் காகிதத்தை மறுபடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. மறுநாள் காலை அவன் சைக்கிளில் ஷிப்டுக்குப் போனான். அதே ரோட்டில் முருகையன் லாரி ஷெட்டிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். இராமதாஸ் மணி அடித்தான். அவர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.